வாங்க

ராயவரத்து வீட்டு முகப்பில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுக்கு ஏழெட்டு 'வாங்க' விழுந்துவிட்டது. சுவீடன்காரப் பெண், என் மகளோடு வேலை பார்க்கிறவள். நகரத்தார் கல்யாணத்தில் வாசலில் நிற்பவர் கும்பிட்டால் மட்டும் போதாது. எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் 'வாங்க' என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்காமல் விட்டாலும் அந்த மனத்தாங்கல் லேசில் ஆறாது. அவளும் கைகூப்பி எல்லோரிடமும் 'வாங்க' என்றாள். யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

திருப்பூட்டும்போது கழுத்திருவைப் பார்த்து மலைத்துப்போவாள் என்று நினைத்திருந்தேன். மஞ்சள் சரத்தில் கோத்த பொன்னுருக்கள் பெண்ணின் நெஞ்சையே மறைக்கிற கனம். பார்த்தாள், ரசித்தாள். ஆனால் அவள் அசையாமல் நின்றது சாமான் பரப்பியிருந்த கூடத்தில். பித்தளை அண்டா, எவர்சில்வர் அடுக்கு, மரவை, அவற்றுக்கிடையே நீல விளிம்பு வைத்த பழைய மங்குத் தூக்கு ஒன்று. எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் சுவீடன் முத்திரை. அவள் பாட்டி வீட்டு அடுப்படியிலும் இதே நீல விளிம்புதானாம். "இது எங்க அப்பத்தாவுக்கு வச்ச சாமான்" என்றார் பெண்ணின் ஆத்தா. கடல் கடந்து கொண்டுவிக்கப் போன செட்டியார்கள் காலத்தில் மங்குச் சாமானும் கடல் கடந்து வந்து, சீரோடு சீராக இந்த வீடுகளில் குடியேறிவிட்டது. அதன் விளிம்பை அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெயில் தாழ, பிள்ளையார் கோயில் பக்கம் நடந்தோம். நந்தவனத்தில் செவ்வரளி பூத்துக் கிடந்தது. பறிக்கக் கை நீட்டியவளைச் சட்டென்று தடுத்தேன். பால் கையில் படும் என்றேன். அது பாதிக் காரணம்தான்.

புதுக்கோட்டையில் வளர்ந்தவர்களுக்கு அரளி என்றால் மோலி ஞாபகம் வரும். 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பதிவுத் திருமணம் செய்துகொண்ட ஆஸ்திரேலியப் பெண், மோலி ஃபிங்க். மேளமில்லை, பந்தியில்லை. வெள்ளைக்கார அரசு அவரை ராணியாக ஏற்க மறுத்தது. கர்ப்பிணியாக இங்கே இருந்தபோது அரளி விஷம் வைத்தார்கள் என்று சொல்வார்கள். 1916இல் மன்னரோடு ஊரைவிட்டுப் போனார். அந்த வருஷமே சிட்னியில் பையன் பிறந்தான். அவனுக்கும் பட்டம் இல்லை. 1928இல் பாரிஸில் மன்னர் இறந்தார். சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்கு ராஜாதான் பெரிய ஆளாகத் தெரிந்தார். இப்போது அந்த இருபத்தோரு வயதுப் பெண்தான் கண்முன் நிற்கிறாள். அரண்மனைப் படியேறிய அன்று அவளை யார் 'வாங்க' என்று கேட்டார்கள்? எனக்கு இது ஆறவே இல்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் எப்படிச் சொல்வது?

ராத்திரிப் பந்தியில் ஓர் ஆச்சி அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். இலையில் கவுனி அரிசி, கந்தரப்பம். "அள்ளிச் சாப்பிடுத்தா, ஒட்டுனா ஒட்டட்டும்." கருஞ்சிவப்பு கவுனி விரலிடுக்கில் ஒட்ட, அவள் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது அதே ஆச்சி முகப்புவரை வந்தார். அப்போதுதான் காரிலிருந்து யாரோ இறங்கி, பெட்டியோடு படியேறினார்கள். ஆச்சி வாயெடுப்பதற்குள் இவள் கைகூப்பிவிட்டாள்.

"வாங்க."