வெளியே வைரம்

போன மே மாதம் உடன்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டைப் பிரித்தார்கள். ஓட்டுக்கூரையைத் தாங்கிய பனங்கைகள் முற்றத்தில் ஒருபுறம் கிடந்தன. தலைவாசலின் வேப்பமர நிலை இன்னொரு புறம். விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் அவற்றின் நடுவே உட்கார்ந்து, ஆறாம் வகுப்பில் படிக்கப்போகும் பாடத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்: செடி, புதர், மரம், கொடி.

“அத்தை, பனை மரம்தானே?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஒரு பனங்கையின் அறுத்த முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். ஓரம் முழுக்கக் கறுத்து, இரும்பு போல இருந்தது. உள்பக்கம் வெளுத்து, நார்நாராக, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. வேப்பங்கட்டையில் எல்லாம் நேர்மாறு. நடுவில் சிவந்து இறுகியிருந்தது. விளிம்புதான் வெளுப்பு, அங்கேதான் பூச்சி அரித்திருந்தது.

தச்சர் உளியைக் கீழே வைக்காமலே சொன்னார். “பனைக்கு வைரம் வெளியில பாப்பா. உள்ள வெறும் சோறு. வேம்புக்கு உள்ளதான் வைரம்.”

நான் பல வருடம் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். ஒருவித்திலை, இருவித்திலை என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து, பிள்ளைகளை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு பத்தியும் அன்றைக்கு முற்றத்தில் கட்டைகளாகக் கிடந்தன.

தொல்காப்பியத்தின் மரபியலும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. காழ் என்றால் வைரம். வெளியே காழ் உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தால் பனையை வேம்போடுதான் சேர்த்திருப்பார்கள். எங்கே கெட்டி என்று கேட்டதால் அது நெல்லோடும் கரும்போடும் போய்ச் சேர்ந்தது. இன்றைய தாவரவியலும் பனையை நெல்லுக்குத்தான் பங்காளி என்கிறது. வேம்பு தூரத்து உறவு. நம் பேச்சிலும் அந்தக் கோட்டின் தடம் இருக்கிறது. பனைக்கு ஓலை, வேம்புக்கு இலை. வாழைக்கு மட்டும் இலை என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதுவும் பனையின் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும்.

ஏன் இப்படி என்று பிள்ளை கேட்டாள். வேம்பின் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்று ஒரு மெல்லிய வளர்படலம் உண்டு. அது ஆண்டுதோறும் உள்பக்கமாகப் புதுக்கட்டையை அடுக்கிக்கொண்டே போகிறது. உள்ளே தள்ளப்பட்ட பழைய கட்டை நீர் ஏற்றும் வேலையை விட்டுவிட்டு இறுகி வைரமாகிறது. பனைக்கு அந்தப் படலம் கிடையாது. நீரும் உணவும் போகிற குழாய்க்கற்றைகள் தண்டெங்கும் சிதறியிருக்கின்றன, விளிம்பில் மிக நெருக்கமாக. அதனால்தான் விளிம்பு கெட்டி. அதனால்தான் பனை வேம்பைப் போல வருடத்துக்கு வருடம் பருப்பதில்லை; அதன் உடம்பில் பட்ட வெட்டும் மூடுவதில்லை.

இத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது. வைரம் வெளியே என்று ஒரு விடை கிடைத்ததும், பார்க்காமலே இன்னும் பல விடைகளை ஊகிக்கலாம். விதையிலை ஒன்றாகத்தான் இருக்கும். தள்ளுவண்டியில் விற்கிற தேங்காய்ப்பூ பூவே இல்லை, முளைவிடும் தென்னையின் அந்த ஒற்றை விதையிலையின் நுனிதான். பூவின் உறுப்புகள் மும்மூன்றாக இருக்கும். தேங்காயின் மூன்று கண்ணும் நுங்கின் மூன்று கண்ணும் அந்தக் கணக்கில் வந்தவை. நல்ல கேள்வி எது என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான்: அதற்கு ஒரு விடை கிடைத்தால், கேட்காத பத்து விடைகள் கூடவே வரவேண்டும். பூவின் நிறத்தைக் கேட்டுப் பிரித்தால் நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது.

உயிர்களை வகைபிரித்த இயற்கை அறிஞர் லின்னேயஸ் இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுக்கப் போராடியவர். பூவின் மகரந்தத்தாள்களை எண்ணி, தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். எண்ணத் தெரிந்த எவரும் ஒரு செடியைக் கண்டுபிடிக்கலாம், அது பெரிய உதவி. ஆனால் 1753இல் வந்த அவருடைய தாவர நூலில் பனைகள் அந்த வகுப்புகளுக்குள் வரவில்லை; கடைசியில் பின்னிணைப்பாக நின்றன. விலங்குகளில் அவரே தன் கோட்டை அழித்துப் போட்டார். 1735இல் மீன்களோடு வைத்த திமிங்கலத்தை 1758இல் பாலூட்டிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கே வாழ்கிறது என்ற கேள்வி போய், குட்டிக்குப் பால் கொடுக்கிறதா என்ற கேள்வி வந்தது. கூடவே நுரையீரலும் வெதுவெதுப்பான ரத்தமும் வந்தன. வால்கூட: மீன் வாலைப் பக்கவாட்டில் வீசும், திமிங்கலம் மேலும் கீழுமாக அடிக்கும்.

பிள்ளைக்குப் பாக் நீரிணையின் ஆவுளியாவைப் பற்றிச் சொன்னேன். கடல்பசு என்றும் சொல்வார்கள், கடற்புல்லை மேய்வதால். அதன் காம்புகள் பசுவைப் போலப் பின்னால் இல்லை, முன்துடுப்புகளின் அக்குளில் இருக்கின்றன. யானைக்கும் முன்னங்கால்களுக்கு இடையில்தான் மடி. ஆண் ஆவுளியாவுக்கு, யானையைப் போலவே, வெட்டுப்பல்லே தந்தம். கடலில் இருந்தாலும் அது திமிங்கலத்தைவிட யானைக்குத்தான் நெருங்கின சொந்தம். 2022இல் தமிழ்நாடு அரசு அதற்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தது. அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் நுங்குக் குலையோடு வந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சீவச் சொல்லி எண்ணினாள். மூன்று, மூன்று, மூன்று. நான்காவதில் இரண்டு கண்தான். “அத்தை, நீங்க சொன்னது தப்பு” என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அவள் அந்த நுங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விளக்கடிக்கு எடுத்துப்போய், ஓரமாக நாருக்குள் விரல்விட்டு விலக்கினாள். அங்கே வளராமல் சூம்பிப்போய், மிளகளவில் ஒட்டிக்கொண்டிருந்தது மூன்றாவது.