தம்பி காருக்குப் பின்னால் ஒரு பெட்டி



போன மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில பலகை அறுக்கிற சத்தம் கேட்டு நிறையப் பேர் விசாரிச்சீங்க. ரெண்டு ஆன்டி புதுப் பல்லக்கு செய்யறோம்னே நினைச்சுட்டாங்க. பல்லக்கு இல்லை. நம்ம உருமி மேளத் தம்பி ஒருத்தரோட காருக்குச் சப்வூஃபர் பெட்டி. இதைச் சொன்னதும் சிலர் முகம் மாறிச்சு, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பின்னால் பெரிய ஸ்பீக்கர் வச்சிருக்கிற கார்களை ஆலய வளாகத்துக்குள்ள விடக்கூடாதுன்னு கமிட்டியில ஒரு பேச்சு வந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கார்ல வர்றவங்க யாருன்னும் தெரியும். தைப்பூசத்துக்கு முன்னால ராத்திரி 2 மணி வரைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்குக் கம்பு நடறவங்க. அன்னதானம் முடிஞ்சா அண்டா கழுவறவங்க. வாசல்ல மறிச்சா சண்டை போட மாட்டாங்க, பேசாம காரைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அதுதான் பயம்.

அதே சமயம் எதிர்வரிசை வீட்டு ஆன்டி சொன்ன புகாரும் பொய் இல்லை. “பாட்டுன்னா பரவாயில்ல, பாட்டே கேட்கலையே, டும் டும்னு சுவர் மட்டும்தான் அதிருது”ன்னாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை கிட்டத்தட்ட எட்டரை மீட்டர் நீளம். பாடறவர் குரலைக் கார்க் கண்ணாடியும் வீட்டுச் சுவரும் பெருமளவு தடுத்துடும். இந்த நீள அலையை அவ்வளவு சுலபமா தடுக்க முடியாது. காருக்குள்ள இருக்கிறவனுக்கு முழுப் பாட்டு, வெளியே இருக்கிறவங்களுக்கு அதுல அடிச் சத்தம் மட்டும். ரெண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்கலை, அதான் சண்டையும் தீரலை.

தம்பிக்கு ஏன் இது வேணும்னு கேட்டேன். “அண்ணே, நாங்க ப்ராக்டிஸை ரெக்கார்ட் பண்ணி போன்ல கேட்டா உருமி இழுக்கிற சத்தமே இல்ல, தவில்ல தொப்பிப் பக்கமும் இல்ல. தகரம் தட்டற மாதிரி இருக்கு”ன்னான். நியாயமான பேச்சு. உருமியோட உயிரே வளைஞ்ச குச்சியால தோலைத் தேய்ச்சு எடுக்கிற அந்த முனகல்தான். அது கேட்காம என்னத்தைத் திருத்தறது?

அவன் ஏற்கெனவே ஒரு கடையில ஆம்ப் வாங்கி வச்சிருந்தான். அட்டையில் பெரிசா 3000 வாட்ஸ். 450 வெள்ளி. நான் பின்பக்கம் திருப்பி ஃபியூஸைப் பார்த்தேன், 30 ஆம்பியர். கணக்கு போடுங்க: 30 ஆம்பியர், எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட், பெருக்கினா 414 வாட்ஸ். உள்ளே போறதே அவ்வளவுதான். அதுல கொஞ்சம் சூடாப் போயிடும், ஸ்பீக்கருக்கு 330 வாட்ஸ் வந்தா பெரிசு. அப்போ 3000 எங்கேயிருந்து வந்ததுன்னு கடைக்காரரைத்தான் கேட்கணும். அட்டையைப் பார்க்காதீங்க, ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க, ஃபியூஸைப் பாருங்க. (வாட்ஸை ரெட்டிப்பாக்கினா 3 டெசிபல்தான் கூடும், அதுவும் பலருக்குத் தெரியறதில்லை.) கடைசியில அதை மாற்றி, உண்மையான 500 வாட்ஸ் தர்ற ஒரு மோனோ ஆம்ப் எடுத்தோம். ஸ்பீக்கர் 12 இன்ச், 4 ஓம் காயில் ரெண்டு. ரெண்டையும் பாரலலா சேர்த்தா 2 ஓம்.

இனி பெட்டி. இதுலதான் எனக்கு ஆசை அதிகம். காலி போத்தல் வாயில ஊதினா ‘பூம்’னு ஒரே ஒரு ஸ்வரம் வரும் இல்லையா? ஓட்டை விட்ட பெட்டியும் அந்த போத்தல்தான். பெட்டிக் காற்று ஸ்பிரிங், குழாய்க்குள்ள இருக்கிற காற்று பாரம். ரெண்டும் சேர்ந்து எந்த அதிர்வுல ஆடணும்னு நாமதான் முடிவு பண்றோம். 18 மில்லிமீட்டர் பலகையில், வெளி அளவு 64, 35, 37 செ.மீ. உள்ளே 63 லிட்டர். ஸ்பீக்கர், குழாய், நடுக்கட்டை எல்லாம் அடைச்ச இடம் போக 54 லிட்டர் வரும். குழாய்க்குச் சாக்கடைத் தண்ணி போற அதே 4 இன்ச் பிவிசி, 28 செ.மீ. வெட்டி, பெட்டியோட பக்கவாட்டுல சொருகினோம். 35 ஹெர்ட்ஸுக்குக் கிட்ட நிக்கும். குழாயைக் குட்டையாக்கினா ஸ்வரம் ஏறும், நீட்டினா இறங்கும். புல்லாங்குழல் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்லை.

கடையில எல்லாரும் எம்டிஎஃப் பலகைதான் சொல்வாங்க. நல்ல பலகை, ஆனா ஈரம் பட்டா பிஸ்கட் மாதிரி ஊதிடும். தம்பியோட காருக்கு வயசு 20-க்கு மேல, பின்கதவு ரப்பர் பிஞ்சு கிடக்கு, நம்ம ஊர் மழையும் உங்களுக்குத் தெரியும். அதனால மரைன் பிளைவுட் எடுத்தோம். பசை தடவி, முன்கூட்டியே ஓட்டை போட்டு திருகு முடுக்கி, உள்மூலை எல்லாம் சிலிக்கன். அந்தப் புளிப்பு வாசனை போகும் வரைக்கும் ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. தம்பிக்கு அந்த ஒரு நாள் தாங்கலை. மூணு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

இதை விட முக்கியம் வயர். கொட்டகைக்கு வந்த இன்னொரு பையன் காரைத் திறந்து பார்த்தேன்: பேட்டரியிலிருந்து பின்னால வரைக்கும் நேரா ஒரு சிவப்பு வயர், நடுவுல ஃபியூஸே இல்லை. அந்த வயர் எங்கேயாவது தகரத்துல உரசித் தோல் கிழிஞ்சா பேட்டரியோட மொத்த சக்தியும் அதுல பாயும். வயர் எரியும், கூடவே காரும். ஆம்ப்ல இருக்கிற ஃபியூஸ் ஆம்பைத்தான் காப்பாத்தும், வயரைக் காப்பாத்தாது. பேட்டரியிலிருந்து 45 செ.மீ-க்குள்ள தனியா ஒரு ஃபியூஸ் வேணும். தகரத்தைத் துளைச்சு வயர் போற இடத்துல ரப்பர் வளையம் வேணும். நாங்க 4 கேஜ் வயரும் 60 ஆம்பியர் ஃபியூஸும் போட்டோம். வயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளியா தெரிஞ்சா அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அந்தப் பையனோட வயரை அங்கேயே கழட்டி வச்சுட்டுத்தான் அனுப்பினேன். கோபப்பட்டான். படட்டும்.

கெயின் திருகியை எல்லாரும் வால்யூம்னு நினைச்சுக் கடைசி வரைக்கும் திருப்பிடறாங்க. 500 வாட்ஸ், 2 ஓம்னா ஆம்ப் வாசல்ல 31.6 வோல்ட்தான் வரணும். ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, மல்டிமீட்டர் வச்சுப் பார்த்து நிறுத்தினோம். மேலே 80-ல வெட்டு, கீழே 30-ல வெட்டு. கீழ் வெட்டு இல்லைன்னா ஓட்டைப் பெட்டியில ஸ்பீக்கர் பிடிமானம் இல்லாம ஆடிக் கிழிஞ்சுடும்.

முதல் பாட்டு போட்டதும் நம்பர் பிளேட் சலங்கை மாதிரி ஆடிச்சு. எல்லாரும் சிரிச்சோம். ரப்பர் வச்சு முடுக்கினோம். அப்புறம் அவன் குழு ரெக்கார்டிங்கைப் போட்டான். உருமி இழுப்பு வந்தது. தம்பி ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, “அண்ணே, ரெண்டாவது ஆள் லேட்டா வர்றான்”னான். போன்ல மாசக் கணக்கா கேட்டும் பிடிபடாத விஷயம்.

காது பற்றியும் சொல்லியே ஆகணும். இந்தப் பசங்க பலருக்கு மேளம் முடிஞ்ச ராத்திரி காதுல ‘கொய்ங்’னு ஒரு சத்தம் கேட்குது. விளையாட்டு இல்லை. 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம்தான் தாங்கும். 100-க்கு வந்தா 15 நிமிஷம். உள்காதுல இருக்கிற மயிரணுக்கள் செத்தா மறுபடி முளைக்காது. மேளக்காரனுக்குக் காதுதான் முதல். ஸ்பீக்கருக்கு ஆயிரம் வெள்ளி போடறவன் பத்து வெள்ளிக்குக் காதடைப்பான் வாங்க யோசிக்கிறது எனக்குப் புரியவே இல்லை. இப்போ தம்பி சாவிக்கொத்துல ஒரு ஜோடி தொங்குது.

கமிட்டியில நான் கேட்டது ஒண்ணுதான்: காரை விடுங்க, சத்தத்தை நிறுத்துங்க. எங்க ரோட்டுக்குள்ள திரும்பும்போதே ஆம்பை அணைக்கிற மாதிரி, ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சுவிட்ச் வச்சிருக்கோம். தலைவர் ஐயா தைப்பூசம் வரைக்கும் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். எதிர்வீட்டு ஆன்டிகிட்ட தம்பியே போய்ப் பேசினான். அவங்க முழுசா சமாதானம் ஆகலை, ஆனா டீ கொடுத்தாங்களாம்.

காருக்குப் பின்னால் பெட்டி வச்சிருக்கிற தம்பிகள் வர்ற ஞாயிறு அன்னதானம் முடிஞ்சதும் கொட்டகைக்கு வாங்க. பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் இருக்கான்னு பார்த்துத் தர்றேன், காசு வேண்டாம். முன்னாடியே வந்தா அண்டா இருக்கு.