ஒன்பதையும் அழிக்கச் சொன்னேன்



ஒரு பிழையை ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

போன தவணை உயர்தர உயிரியல் வகுப்பில் புரதக் கட்டமைப்பு படிப்பித்தேன். புரதத் தரவு வங்கியிலிருந்து விரும்பிய கோப்பொன்றை இறக்கிப் பார்த்து வரச் சொன்னேன். ஒரு மாணவி 1டி3இசட் என்ற கோப்போடு வந்தாள். யுபிகுயிட்டின் என்ற சிறிய புரதம், 76 அமினோ அமிலங்கள். திரையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்து உருவங்கள். நடுப்பகுதி நன்றாகப் பொருந்துகிறது. வால் மட்டும் திசைக்கொன்றாக விரிந்து கிடக்கிறது.

"இதில எது சரி சேர்?"

"கோப்பு பழுது போல. முதலாவதை வச்சிக்கிட்டு மத்த ஒன்பதையும் அழிச்சிடுங்க மகள்" என்றேன்.

அழித்தாள். ஆனால் முகத்தில் திருப்தியில்லை. அந்த முகம்தான் இரவு என்னைத் தேட வைத்தது.

கோப்பில் பழுதே இல்லை. அது என்.எம்.ஆர். முறையில் கண்ட கட்டமைப்பு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் அடிப்படை அதே காந்தப் பரிவுதான். அந்த முறை புரதத்தைப் படம் பிடிப்பதில்லை. எந்த அணு எதற்குப் பக்கத்தில், எந்தப் பிணைப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற அளவுகளைத் தருகிறது. அந்த அளவுகளுக்குப் பொருந்தும் உருவங்களைக் கணினி கட்டுகிறது. பத்தும் பொருந்தினால் பத்தையும் ஒரே கோப்பில் வைக்கிறார்கள்.

பழைய பிடிபி வடிவத்தில் ஒவ்வொன்றும் 'மொடல்' என்ற வரியில் தொடங்கி 'எண்ட்எம்டிஎல்' என்ற வரியில் முடியும். இப்போதைய எம்எம்சிஐஎப் வடிவத்தில் ஒவ்வோர் அணுவின் வரியிலும் மொடல் இலக்கத்துக்கென்றே ஒரு நிரல் உண்டு. அதைக் கவனிக்காதவனுக்கு ஒரே அணு பத்துத் தடவை வந்த மாதிரித்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரே ஹதீஸின் பல அறிவிப்புகள் ஒரே இடத்தில், அதனதன் ஸனதோடு வருவது நினைவுக்கு வந்தது. இமாம் அவற்றைக் கலந்து ஒன்றாக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உடனே ஒரு மாணவன், "அப்ப பத்துக்கும் சராசரி எடுத்தா ஒண்டு வருமே சேர்?" என்றான். சந்தியில் ஒருவர் வலப்பக்கம் போ என்கிறார், மற்றவர் இடப்பக்கம் போ என்கிறார். சராசரி எடுத்தால் நேரே மதிலில்தான் போய் முட்டுவோம். அணுக்களுக்கும் அதே கதை. பிணைப்பு நீளங்கள் குழம்பி, இருக்கவே முடியாத ஓர் உருவம் வரும்.

வால் விரிந்திருப்பதும் ஒரு தகவல்தான். அந்த இடத்தை அளவுகள் இறுக்கிப் பிடிக்கவில்லை. அது நிலையாக நிற்காமல் ஆடும் பகுதி. நான் அழிக்கச் சொன்னது அந்தத் தகவலை.

புள்ளித்திட்டத்தில் ஒரு கேள்விக்கு ஒரு விடை. அதற்கே பிள்ளைகளைப் பழக்கி, கடைசியில் நானும் பழகிப்போயிருக்கிறேன். அவள் கோப்பைத் திரும்ப இறக்கிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். இப்போது பத்தும் இருக்கிறது.