குதிரையின் வயிற்றுக் கணக்கு

பழவேற்காட்டில் எனக்குத் தெரிந்த வலைக்காரர் ஒருவர் குதிரை வாங்கிவிட்டார். கல்யாண ஊர்வலத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஆகும் என்று கணக்கு. "மூணு வேளை தீனி வெச்சா போதுமா அண்ணே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

மூன்று வேளை மனிதர் வைத்த கணக்கு. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சின்னது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மாடு விழுங்கி வைத்துக்கொண்டு ஆற அமர அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் சுரக்கும். வாய் ஓய்ந்தால் வயிறு புண்ணாகும். அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் வாந்தியெடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை. மேய்ச்சலில் விட்டால் நாளில் 16 மணி நேரம்கூடத் தலை தூக்காமல் மேயும்.

ஒருகாலத்தில் தமிழ்க் கரையில் இந்தத் தீனிக் கணக்குப் பிசகியது பெரும் பொன்னை விழுங்கியது. 1300-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாண்டிய நாட்டுக் குதிரை வியாபாரத்தைப் பற்றி வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று ஒப்பந்தமாம். நான் திரும்பத் திரும்பப் படிப்பது அவர் சொல்லும் தீனியைத்தான்: வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்கவைத்து, பழக்காமலே ஏறி ஓட்டினார்களாம். 1290-களில் வந்த மார்க்கோ போலோ, சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்கள் என்கிறார். அரச சகோதரர்கள் ஆளுக்கு 2,000 குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் 100 மிஞ்சவில்லை என்பது அவர் தரும் கணக்கு.

இதில் அன்புக்குக் குறைவில்லை. பாலும் வெண்ணெயும் சோறும் விருந்தாளிக்கு வைப்பவை. வீட்டில் உயர்ந்தது எதுவோ அதையே குதிரைக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் மாவுச்சத்து மொத்தமாகப் பின்குடலுக்கு இறங்கினால் அங்கே புளித்து வயிறு உப்பும். குளம்புக்குள் வீக்கம் கண்டு காலை ஊன்ற முடியாமல் போகும். அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. லாடக்காரர்களை இந்தப் பக்கம் வராமல் குதிரை வியாபாரிகளே தடுத்தார்கள் என்று போலோ எழுதுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் சரக்கு விலைபோகும்! படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

அந்தக் குதிரைகளை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்: "வேளையை எண்ணாத தம்பி, புல்லு தீராம பாத்துக்க." 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த புல் வேண்டும், நாலைந்து பங்காகப் பிரித்து, ராத்திரிக்குப் பெரிய பங்கை வைக்க வேண்டும். ஊறவைத்து வேகவைத்த கொள்ளு உழைத்த நாளில் மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மணலில் கொட்டவே கூடாது. புல்லோடு உள்ளே போகும் மணல் குடலில் படிந்து சூலையைக் கொண்டுவரும்.

அவர் பழைய கயிற்று வலையொன்றில் புல்லை அடைத்து, கால் சிக்காத உயரத்தில் கட்டினார். குதிரை உதட்டால் கண்ணி கண்ணியாகத் துழாவியது. நாலைந்து தாளை உருவி, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைத்துவிட்டு மறுபடி மூக்கை வலையில் புதைத்தது. சீக்கிரம் தீர்ந்துபோகும் கட்டு நடு ராத்திரி வரை வந்தது.

அளவாக எடுப்பது அந்த ஊருக்குப் புதிதில்லை. பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை பிரித்துக்கொள்ளும் பாடு அவர்களுடையது. ஏரியும் குதிரையைப் போலத்தான் தின்கிறது. நாளுக்கு இருமுறை ஏறும் கடல், முகத்துவாரம் வழியே உப்புநீரையும் இறால் குஞ்சுகளையும் ஊட்டிவிட்டு இறங்குகிறது. மணல் அடைத்துக்கொண்டால் ஏரி பட்டினி. மழைக்காலத்தில் ஆரணியாறு மொத்தமாகக் கொட்டும் நன்னீர் அந்தப் பட்டினியைத் தீர்க்காது. அடைத்துக்கொண்ட பிறகு எப்போதாவது இயந்திரம் கொண்டுவந்து மணலை அள்ளிவிட்டுப் போவதும் நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கவைக்கும் வைத்தியம்தான். அந்த வாய் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஏரிக்கரைக் குப்பங்கள் கேட்டுவந்தது அவ்வளவுதான். அதைத் திறந்தே வைத்திருப்பது நம் கடமை.