கொக்கி கூடினால் கூலி கூடுமா? ஆரணித் தறியின் எழுதப்படாத செலவு

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் ஒருங்கே பெயர்பெற்ற ஊராகும். நகரின் நெசவுத் தெருக்களிலும், சுற்றியுள்ள சேவூர், எஸ்.வி.நகரம், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் ஆகிய ஊர்களிலும் வீட்டின் ஒரு பகுதியே தறிக்கூடமாக இருப்பதைக் காணலாம். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றதாயினும், சேலையின் விலையைப் பேசுவோர் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலையும் சூரத்திலிருந்து வரும் ஜரிகையையும் கணக்கில் கொள்கிறார்களே தவிர, புதுப்புது வடிவங்களைச் சந்தை கேட்கும்போதெல்லாம் தறியின் திறனைக் கூட்ட ஆகும் செலவைத் தனியே எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்குள்ள பழைய தறிகளிற் பல குழித்தறிகள். நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை அழுத்தி நெய்வார். நீளவாக்கில் ஓடும் இழை பாவு எனவும், நாடாவின் வழியே குறுக்கே செல்லும் இழை ஊடை எனவும் வழங்கும். வெற்று உடலை நெய்வதற்கு, பாவிழைகளை வரிசையாகத் தூக்கும் விழுதுகளே போதும். ஆனால் கரையிலும் முந்தியிலும் மயிலோ மாங்காயோ விழவேண்டுமெனில், எந்த இழை எப்போது எழவேண்டும் என்பதைத் தனித்தனியே தீர்மானிக்கும் கருவி தேவைப்படுகிறது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய அமைப்பின் வழிவந்த ஜக்கார்டுப் பெட்டியே அக்கருவி. தறியின் தலைக்கு மேல் ஏற்றப்படும் அப்பெட்டியில், துளையிட்ட அட்டை ஒவ்வொன்றாக வந்து ஊசிகளின் மேல் படிய, துளை உள்ள இடத்துக் கொக்கி மட்டும் இழையைத் தூக்க, துளையில்லாத இடத்துக் கொக்கி விலகி நின்றுவிடும்.

பெட்டியின் திறன் கொக்கிகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. 120 கொக்கியிலிருந்து 240க்கும், அதிலிருந்து 480க்கும் மாறுபவர் அகன்ற கரையையும் நுட்பமான உருவத்தையும் நெய்ய முடியும் என்றாலும், பெட்டியை வாங்குவதோடு அச்செலவு முடிவதில்லை. கொக்கி கூடினால் கயிற்றுக் கட்டுகள் கூட வேண்டும். அவை சிக்காமல் இறங்குவதற்கான துளைப்பலகையும், தூக்கிய இழையைக் கீழே இழுக்கும் கம்பி எடைகளும் கூட வேண்டும். தாழ்ந்த கூரையுள்ள வீடானால் கூரையையே உயர்த்தவோ குழியை ஆழமாக்கவோ வேண்டும்.

அட்டைச் செலவு இவற்றினும் நுட்பமானது. ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று என்பது கணக்காதலால், ஒரு மயிலின் உருவம் நிறைவுற 400 ஊடை தேவையெனில் 400 அட்டைகள் வேண்டும். வடிவத்தை முதலில் கட்டத்தாளில் வரைந்து, கட்டம் கட்டமாகப் பார்த்துத் துளையிட்டு, அட்டைகளை வரிசை பிசகாமல் நூலால் கோத்த பின்னரே அவை தறிக்கு ஏறும். ஓரிடத்தில் துளை தவறினாலும், உருவம் திரும்பத் திரும்ப வருமிடமெல்லாம் அதே பிழை சேலையில் விழும். சந்தையில் வடிவம் பழசானால் அந்த அட்டைக்கட்டு பரணுக்குப் போய்விடும். அட்டை வேண்டாத மின்னணு ஜக்கார்டு இச்சுமையைக் குறைக்கிறது என்றாலும், அதன் விலையும் பழுதுபார்ப்பும் ஒற்றைத் தறிக் குடும்பத்தின் கைக்கு எட்டுவது அரிது.

இத்தனைக்கும் மேலாக, கணக்கில் எழுதப்படாத இரண்டு செலவுகள் உண்டு. முதலாவது, வேலையற்ற நாட்கள்: பெட்டியை ஏற்றி, கயிறுகளை அளந்து கட்டி, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிப் பிணைத்து முடிக்கும்வரை தறி ஓடாது; சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் குடும்பத்துக்குத் தறி நின்றால் வருமானமும் நின்றுவிடும். இரண்டாவது, உடல்: கொக்கிகள் கூடக்கூட ஒவ்வொரு மிதிக்கும் கால் தூக்கும் எடையும் கூடுவதால், முழங்காலும் இடுப்பும் அதன் வட்டியைக் கட்டுகின்றன.

கால் சுமையைக் குறைக்கப் பெட்டியின் கொக்கிகளைத் தூக்குவதற்கு மட்டும் மோட்டார் பொருத்தும் வழக்கம் வந்துள்ளது. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தியது இத்தகையோர்க்கு உதவியாகும். எனினும், பட்டுச் சேலை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி என வரையறுப்பதால், நாடாவைக் கை ஓட்ட, கொக்கியை மோட்டார் தூக்கும் தறி எப்பக்கம் சேரும் என்ற விவாதமும் உடன் எழுகிறது.

தறிக்கும் உறுப்புகளுக்கும் ஆகும் செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசும் 10 விழுக்காட்டைப் பயனாளியும் ஏற்கும் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. இது கருவியின் விலையைத் தாங்குகிறது. வேலையற்ற நாட்களையோ, வீணான அட்டையையோ, தேய்ந்த முழங்காலையோ தாங்குவதில்லை. நூலும் ஜரிகையும் மாஸ்டர் வீவரோ கூட்டுறவுச் சங்கமோ தர, தறியும் இடமும் நெசவாளருடையதாக இருக்கும் இம்முறையில், வடிவம் மாறுவதால் வரும் லாபம் விற்பவரிடமும், மாற்றுவதற்கான செலவு நெய்பவரிடமும் தங்கிவிடுகின்றன. ஆகவே, கூலியை நிர்ணயிக்கும்போது சேலையின் எண்ணிக்கையை மட்டும் பாராமல், புது வடிவத்துக்குத் தறியைத் தயாரிக்கும் நாட்களுக்கும் தனிக்கூலி சேர்ப்பதே நியாயமாகும்.