சார், அந்தத் தண்ணி எங்க போவுது?

நான்காம் வகுப்பில் நீர்ச் சுழற்சி நடத்தியபோது எண்ணூர்க் குப்பத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், எங்க வூட்டு கக்கூஸ் தண்ணி எங்க போவுது?" பூமிக்குள் என்று சொல்லித் தப்பித்தேன்.

கொடுங்கையூரில் 2019 முதல் சாக்கடை நீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து, மணலி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சம். பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் ஆலைக்குப் போக, முதலில் தெருவில் பாதாளச் சாக்கடை வேண்டும். செப்டிக் டேங்க் மட்டும் உள்ள தெருவில், மணலில் இறங்கும் நீர் அடிபம்புக்கும் முகத்துவாரத்துக்கும்தான் போகும். கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் நிற்பதும் அங்கேதான்.

அந்த மாணவனுக்கு இப்போது ஒரு மகள். அவள் கேட்டால், "சுத்திகரிப்பு ஆலைக்குப் போகுதும்மா" என்று உண்மையாகவே சொல்ல ஆசை.