ரெய்க்யவிக் கடிதம்: காற்றும் நாயும் புத்தகமும்



ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக், வட அட்சரேகை 64 பாகையில், அட்லாண்டிக்கை நோக்கித் திறந்த அகன்ற விரிகுடா ஒன்றின் கரையில் அமைந்த துறைமுக நகரம். இவ்வளவு வடக்கே இருந்தும், தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் கரையை ஒட்டிச் செல்வதால், ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை 0 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஆகவே இந்நகரத்தாரை வருத்துவது கடுங்குளிரைவிடக் காற்றும் இருளும்தான். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் அடிப்பதால், குடை பிடித்துச் செல்லும் உள்ளூர்வாசியைக் காண்பது அரிது. டிசம்பர் இறுதியில் பகல்பொழுது நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. சென்னை வாசகர்களுக்குப் பழகிய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் இங்கும் உண்டு; ஆனால் அவை பெரும்பாலும் மழைக்காக அல்லாமல் புயற்காற்றுக்காகவும் பனிச்சூறைக்காகவும் விடுக்கப்படுகின்றன. மீன்பிடித்தலை நம்பி வாழ்ந்த நாடாதலால், கடற்பரப்புகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் காற்றின் வேகத்தை அறிவிக்கும் வானொலி முன்னறிவிப்பை இங்குள்ளோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

இந்த வானிலை மக்களை வீட்டுக்குள் அடைத்ததோடு நிற்கவில்லை. அவர்களை வாசகர்களாகவும் ஆக்கியது. பழைய ஐஸ்லாந்தின் பண்ணை வீடுகள் புல்கரணைகளை அடுக்கிக் கட்டப்பட்டவை. அவற்றில் குடும்பத்தாரும் வேலையாட்களும் ஒன்றாக உண்டு, உழைத்து, உறங்கிய நீண்ட அறை ‘பாத்ஸ்தோவா’ எனப்பட்டது. குளிர்கால மாலைகளில் அவ்வறையில் அனைவரும் கம்பளி சிக்கெடுக்கவும் நூற்கவும் பின்னவும் அமர்ந்திருக்க, ஒருவர் மட்டும் விளக்கருகே இருந்து பழங்கதைகளையும் சமய உரைகளையும் உரக்க வாசிப்பார். அல்லது ‘ரீமுர்’ என்னும் கதைப்பாடல்களை இசைத்துச் சொல்வார். இம்மாலை அமர்வுக்கு ‘க்வோல்ட்வாக்கா’, அதாவது மாலை விழிப்பு, என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதை வீட்டாரின் கடமையாக்கித் திருச்சபையும் அரசும் ஆணைகள் பிறப்பித்தன. பள்ளிக்கூடங்கள் மிக அரிதாயிருந்த நாட்டில் அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோரும் வாசிக்கக் கற்றிருந்தனர் என்றால், அப்பெருமையில் பெரும்பங்கு வீட்டு விளக்குக்கே உரியது.

அதே அறையில்தான் நாய்களும் கிடந்தன. ஆடு மேய்க்க நாயின்றி முடியாது; குளிரில் அவற்றை வெளியே விடவும் மனம் வராது. உண்டு முடித்த மரக்கிண்ணங்களை அவை நக்கித் துப்புரவாக்குவது வழக்கமாயிருந்தது. இந்த நெருக்கத்தினால் விளைந்த கேடு பெரிது. ‘எக்கினோகாக்கஸ்’ என்னும் மிகச் சிறிய நாடாப்புழு நாயின் குடலில் வாழ்வது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி, புல்வழியே ஆட்டின் உடலையும், அசுத்தமான கைகள் வழியே மனித உடலையும் அடைகின்றன. அங்கே கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகளாக ஆண்டுக்கணக்கில் வளர்கின்றன. கட்டியுள்ள ஆட்டின் உறுப்பை நாய் தின்னும்போது சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. 1863இல் இந்நோயை ஆராய இங்கு வந்த டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் கிராபே, அறுத்துச் சோதித்த 100 நாய்களில் 28இல் இப்புழுவைக் கண்டார்.

கிராபே அடுத்துச் செய்த காரியமே ரெய்க்யவிக்கைப் பற்றி எழுதும் எவரும் தவறாது சொல்ல வேண்டியது. நோய் எவ்வாறு பரவுகிறது, ஆட்டின் கழிவுறுப்புகளை ஏன் எரிக்கவோ புதைக்கவோ வேண்டும், நாயை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பனவற்றை எளிய மொழியில் விளக்கும் சிறு கையேடு ஒன்றை அவர் எழுத, அது 1864இல் ஐஸ்லாந்து மொழியில் அச்சாகி வீடுகளுக்கு இலவசமாக அனுப்பப்பட்டது. வேறு பல நாடுகளில் அத்தகைய அச்சுத்தாள் அதிகாரிகளின் மேசையோடு நின்றிருக்கும். இங்கோ அதை வாசிக்கத் தெரிந்த மக்களும், வாசிப்பதற்கென்றே அமைந்தது போன்ற நீண்ட இரவுகளும் இருந்தன. 1869இலும் 1890இலும் வந்த சட்டங்களும், பின்னர் ஊருக்கு ஊர் எழுந்த ஆட்டிறைச்சிக் கூடங்களும் அதற்குத் துணைநின்றன என்பது மெய்யே. ஆயினும் தடுப்பு மருந்தோ வலுவான புழுக்கொல்லியோ இல்லாத காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மனிதரிடையே புதிய தொற்று ஏறக்குறைய அற்றுப்போனதற்கு, வாசித்ததை வீட்டில் நடைமுறைப்படுத்திய குடும்பங்களே முதற்காரணம் என்று துணிந்து கூறலாம். உலகில் இந்நோயை முதன்முதலில் ஒழித்த நாடு ஐஸ்லாந்து. போரும் படையும் பெற்ற புகழில் ஒரு சிறு பங்கையேனும் இவ்வெற்றி பெற்றிருக்க வேண்டும்.

இதன் மறுபக்கமாக, 1924இல் ரெய்க்யவிக் நகரத்துக்குள் நாய் வளர்ப்பது தடை செய்யப்பட்டது. நோய் நீங்கிய பின்னும் தடை நீங்கவில்லை; நாய் பண்ணைக்குரியது, நகருக்குரியதன்று என்ற எண்ணம் வேரூன்றிவிட்டிருந்தது. 1984இல் அப்போதைய நிதியமைச்சர் ஆல்பர்ட் குத்முண்ட்சன், சட்டத்தை மீறித் தாம் வளர்த்த லூசி என்னும் நாயைக் கைவிடுவதைவிட நாட்டைவிட்டு நீங்குவதே மேல் என்று அறிவித்தது நாடெங்கும் பேச்சாயிற்று. அவ்வாண்டிலேயே உரிமம் பெற்று நாய் வளர்க்க வழி பிறந்தது.

இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நகரம் பூனைகளுடையதாயிற்று. நெளிதகடு போர்த்திய பழைய வீடுகளின் வேலிகளிலும், கடைகளின் சன்னலோரங்களிலும், கழுத்துப்பட்டையோடு அவை இன்றும் உரிமையுடன் உலவுகின்றன. நாட்டார் மரபிலும் ஒரு பூனை உண்டு: கிறிஸ்துமஸுக்குள் புத்தாடை ஒன்றேனும் பெறாதவரைத் தின்றுவிடும் ராட்சதப் பூனை. இலையுதிர்காலக் கம்பளி வேலையைப் பண்டிகைக்கு முன் முடிக்கத் தூண்டும் அச்சுறுத்தல் இது என்று விளக்குவதுண்டு. அவ்வேலைதான் மாலை வாசிப்போடு சேர்ந்து நடந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கம்பளி நூற்கும் வீடுகள் மறைந்த பின்னும் வாசிப்பு மறையவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிற பொருள்களின் இறக்குமதி இறுகியிருக்க, தாள் மட்டும் ஓரளவு தாராளமாகக் கிடைத்ததால், புத்தகமே கிறிஸ்துமஸ் பரிசாயிற்று. ஆண்டின் புதிய நூல்களைத் தொகுத்துரைக்கும் பட்டியல் 1944 முதல் வெளிவருகிறது. அது நெடுங்காலம் வீடுதோறும் இலவசமாக வந்து சேர்ந்தது. ஆண்டிறுதி மாதங்களில் நூல்கள் பெருகி வெளிவருவதை ‘யோலபோகஃப்ளோத்’, கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம், என்கிறார்கள். டிசம்பர் 24 மாலை பரிசுகளைப் பிரித்தபின் இரவு நெடுநேரம் வாசிப்பது பல குடும்பங்களின் வழக்கம். ஏறத்தாழ நான்கு லட்சம் மக்களே பேசும் மொழியில் இத்தனை பதிப்பகங்களும், 1955இல் நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்நெஸ் போன்ற எழுத்தாளரும் நிலைத்திருப்பதற்கு இந்த வழக்கமே பொருளியல் அடித்தளம்.

இன்று ரெய்க்யவிக்கில் நாய் வளர்ப்போர் அதைப் பதிவு செய்து, வாரிட்டு நடத்தி, ஆண்டுதோறும் குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். ஐஸ்லாந்து மொழியில் முழு விவிலியம் முதன்முதலாக 1584இல் அச்சேறிய ஹோலார் என்னும் சிற்றூரிலிருந்து, வானிலை இடங்கொடுத்தால், அடுத்த கடிதம் வரும்.